ஆகாயத்தில் காலி வீடு
(தொடர்புச் செயற்கைக்கோள்களும் பொதுமக்கள் பணமும் என்பது பற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆகாயத்தைப் பற்றியது. ஆகாயம் என்றதும் வைகுண்டம், கைலாசம், இந்திரலோகம் ஆகியவைகளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவைகள் எத்தனை மைல் உயரத்தில் இருக்கின்றன என்பதை இதுவரை எந்தப் புராணப் பிரசங்கியாரும் அளந்து சொன்னது கிடையாது. நாம் பேசப் போகும் இடத்திற்கு அளவு உண்டு. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரம். அங்கே மனிதன் தன் புத்தியினாலும் உழைப்பினாலும் கொண்டு போய் நிறுத்தியிருக்கும் யந்திரங்களுக்குத் தொடர்புச் செயற்கைக்கோள்கள் என்று பெயர். நம் நாட்டில் அவற்றைச் செய்ததும் ஏவியதும் பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணமேயாகும். அப்படிப் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட வீடு ஆகாயத்தில் குடியேற ஆளில்லாமல் காலியாகக் கிடந்தால் அந்த நஷ்டம் யாருடையது என்பதே இன்றைய கேள்வி.

“இவ்வளவு பெரிய சங்கதியில் பாமர ஜனங்களுக்கு என்ன வேலை? இது விஞ்ஞானிகளும் மந்திரிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமல்லவா?” என்று சிலர் கேட்கலாம். தோழர்களே! கோயில் சொத்தின் கணக்கைக் கேட்டபோதும் நமக்கு இப்படித்தான் பதில் வந்தது. ஆகமம் தெரியாதவன் கேட்கக்கூடாது என்றார்கள். பணம் கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது சுயமரியாதையின் முதல் பாடம். கல் சாமிக்கு ஒரு நியாயம், யந்திரத்திற்கு வேறொரு நியாயம் என்று நாம் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த யந்திரம் என்ன செய்கிறது?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். மேலே சொன்ன உயரத்தில் ஒரு பொருளை நிறுத்தினால் அது பூமியை ஒரு முறை சுற்றிவர 23 மணி 56 நிமிஷம் ஆகும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளவும் அதே நேரம்தான் ஆகின்றது. ஆகவே நிலத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பொருள் எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். இப்படி நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று இங்கிலாந்து தேசத்து ஆர்தர் கிளார்க் என்பவர் 1945-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். 1964-ல் அமெரிக்கர்கள் அந்த இடத்தில் ஒரு கோளை நிறுத்தியும் காட்டிவிட்டார்கள்.

செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவிகள் பல இருக்கும். நிலத்திலிருந்து போகும் அலையை அது வாங்கி, வலுவேற்றி, வேறு அலைவரிசைக்கு மாற்றித் திரும்ப நிலத்திற்கு அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு பெரிய சத்திரத்தில் பல அறைகள் இருப்பதுபோல் ஒரு கோளில் பல டிரான்ஸ்பாண்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிவிஷன்காரர் ஒரு அறை எடுப்பார். பாங்கிக்காரர் ஒரு அறை எடுப்பார். பள்ளிக்கூடத்திற்கு ஒரு அறை ஒதுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு ஒன்று ஒதுக்கலாம்.

ஆனால் இந்தச் சத்திரத்திற்கும் ஊரிலுள்ள சத்திரத்திற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கின்றது. ஊர்ச் சத்திரம் இந்த வருஷம் பூட்டிக் கிடந்தாலும் சுவர் நிற்கும். அடுத்த வருஷம் திறந்துகொள்ளலாம். செயற்கைக்கோள் அப்படியல்ல. சூரியனும் சந்திரனும் இழுப்பதனால் அது தன் இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் திரும்பத் திரும்பப் பழைய இடத்திற்குத் தள்ளி வைக்க, அதனுள் நிரப்பி அனுப்பிய எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலவிட வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் கோளின் ஆயுளும் தீர்ந்தது. சுமார் 10 முதல் 15 வருஷம். உபயோகித்தாலும் அந்த எரிபொருள் தீரும், உபயோகிக்காவிட்டாலும் தீரும். வெய்யிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளும் அப்படியே நாளாக ஆகத் தேய்ந்து வரும். குடியிருந்தாலும் காலியாகக் கிடந்தாலும் இந்த வீடு குறிப்பிட்ட நாளில் இடிந்தே தீரும்.

நெல்லைக் குதிரில் போட்டு அடுத்த வருஷத்திற்கு வைத்துக்கொள்ளலாம். ஏரித் தண்ணீரை மதகை அடைத்துத் தேக்கலாம். செயற்கைக்கோளின் இன்றைய வேலையை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. ரயில் புறப்பட்டுப் போன பிறகு அதிலிருந்த காலி இடத்துக்கு யாரும் டிக்கட் விற்க முடியாதல்லவா? அதுபோலத்தான் இதுவும். நேற்றுக் காலியாய்க் கிடந்த டிரான்ஸ்பாண்டர் நேற்றோடு போயிற்று.

அன்றியும், கோள் நிற்கும் இடமும் அது பேசும் அலைவரிசையும் அளவுக்குட்பட்டவை. ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கத்தில் முன்கூட்டிப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்து 7 வருஷத்திற்குள் உபயோகத்திற்குக் கொண்டுவராவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே கோளின் விலை மட்டுமல்ல, அது நிற்கும் இடமும் பொதுமக்கள் சொத்தேயாகும்.

சொந்த வீடு இல்லாதபோது நடந்த காரியம்

இந்தியாவுக்குச் சொந்தமாகத் தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லாத காலத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அதை முதலில் சொல்ல வேண்டும்.

1969-ல் விக்ரம் சாராபாய் அவர்கள் முயற்சியால் அமெரிக்காவின் நாசா ஸ்தாபனத்துடன் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி அமெரிக்கர்கள் தங்கள் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளை ஒரு வருஷத்திற்கு இரவலாகக் கொடுத்தார்கள். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை முடிய ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகம் ஆகிய ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களில் டெலிவிஷன் வைக்கப்பட்டது. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு பாஷைகளில் விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, பிள்ளைகளுக்குப் பாடம் முதலியவை காட்டப்பட்டன. பல்லாயிரம் ஆசிரியர்களுக்கு அதன் மூலமே பயிற்சியும் கொடுக்கப்பட்டது. கோழி வலை போன்ற கம்பி வலையைக் குடையாக்கி ஆகாயத்து அலையைப் பிடித்தார்கள். செட்டுகள் இந்த நாட்டிலேயே தயாராயின. மின்சாரமில்லாத சில கிராமங்களில் பாட்டரியில் ஓட்டினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆகாயத்திலிருந்தது இரவல், நிலத்திலிருந்தது சொந்தம். கோள் வந்து நிற்கும் நாளுக்கு முன்பே கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, குடையை நட்டு, செட்டைப் பொருத்தி, பழுது பார்க்க ஆளை வைத்து, நிகழ்ச்சியையும் தயாரித்து வைத்திருந்தார்கள். ஆகவே இரவல் கோள் வீணாகாமல் வேலை செய்தது.

சொந்த வீடு வந்த பிறகு நடந்த காரியம்

நிற்க, சொந்தக் கோள் வந்தபின் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

பெரியார் அவர்கள் 1940-களிலேயே ‘இனிவரும் உலகம்’ என்ற தமது பிரசுரத்தில், ஓரிடத்தில் இருந்துகொண்டே பல இடங்களிலுள்ள மக்களுக்குக் கல்வி கற்பிக்கும் காலம் வரும் என்னும் கருத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு வேண்டிய கருவியைச் செய்வது அவர் வேலையல்ல. அது விஞ்ஞானியின் வேலை. ஆனால் மனிதனுக்கு எது வேண்டும் என்பதை அவர் தெரிந்திருந்தார். படிக்காதே என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஜாதியில் பிறந்தவனுக்கு, வாத்தியார் வராத ஊரில் பிறந்தவனுக்கு, நல்ல பாடம் ஆகாய வழியாக வந்து சேருமானால் அதைவிடப் பெரிய புரட்சி எது?

அந்தக் கருவி 2004 செப்டம்பர் 20-ந் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து கிளம்பிற்று. அதற்கு எஜுசாட் என்று பெயர். 1,950 கிலோ எடை. கல்விக்கென்றே இந்தியா செய்த முதல் கோள் அது. 12 டிரான்ஸ்பாண்டர்கள். அவற்றில் ஐந்து, நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே அதன் சொந்தப் பாஷையில் பாடம் அனுப்பும்படியாக அமைக்கப்பட்டிருந்தன. 7 வருஷம் வேலை செய்யும் என்று உத்தேசம். 2010 செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள்.

அந்த ஆறு வருஷத்தில் நடந்தது என்ன? ஆடிட்டர் ஜெனரல் என்னும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். திட்டம் தன் நோக்கத்தை அடையத் தவறிவிட்டது என்று அதில் கண்டிருக்கின்றது. காரணம் மூன்று சொல்லப்பட்டிருக்கின்றன. நிலத்தில் இணைப்பு ஏற்படுத்துவதற்குச் சரியான திட்டமில்லை. காட்டுவதற்கான பாடங்களைத் தயாரிப்பதற்குச் சரியான திட்டமில்லை. நிர்வாகம் செய்வதற்கு உறுதியான ஏற்பாடில்லை. பாடத்திற்கென்று கோள் மேலே போயிற்று, பாடம் தயாராகவில்லை, பள்ளிக்கூடத்தில் குடை நேரத்தோடு நடப்படவில்லை. ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டு, வாளியும் கயிறும் அடுத்த வருஷம் வரும் என்றால் தாகம் எப்படித் தீரும்?

இதில் நஷ்டம் பணம் மட்டுமல்ல. 2004-ல் ஆறாவது வகுப்பில் இருந்த பெண் 2010-க்குள் பள்ளிக்கூடத்தையே விட்டுப் போயிருப்பாள். அவளுக்கு வரவேண்டிய பாடம் அவள் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. இனி எத்தனை கோள்கள் விட்டாலும் அவளுடைய அந்த ஆறு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பணக்காரன் பிள்ளைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. அவனுக்கு வீட்டிலேயே டியூஷன் வாத்தியார் இருக்கிறார். காலி வீட்டின் வாடகையை உண்மையில் கட்டியவன் ஏழையேயாகும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஜிசாட்-6 என்ற கோள் 2015 ஆகஸ்டு 27-ல் ஏவப்பட்டது. அதில் ஆறு மீட்டர் அகலத்திற்குக் குடைபோல் விரியும் ஒரு பெரிய ஆன்டெனா. அது பெரிதாக இருப்பதனால் நிலத்திலுள்ளவன் கையளவுக் கருவியை வைத்துக்கொண்டே பேசலாம். உயர்ந்த வேலைப்பாடு. செய்த விஞ்ஞானிகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் 2022 டிசம்பரில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை என்ன சொல்லுகின்றது? 508 கோடி ரூபாய் செலவில் ஏவிய இக்கோள், நிலத்தில் இருக்கவேண்டிய கருவிகள் தயாராகாததால், எந்த உத்தேசத்திற்காக ஏவப்பட்டதோ அதற்கு உபயோகப்படவில்லை. அதன் ஆயுளில் பாதி அப்படியே கழிந்துவிட்டது என்று சொல்லுகின்றது.

கணக்குக்காக இதன் ஆயுளைப் பத்து வருஷம் என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்திற்கு 50 கோடிக்கு மேல், நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 லட்சம் ரூபாய் ஆகின்றது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் எத்தனை மனு, எத்தனை நடை, எத்தனை கையெழுத்து என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அங்கே பொழுது விடிந்து பொழுது போனால் 14 லட்சம்!

இந்தக் கோளுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 2005-ல் இதனையும் இதன் ஜோடிக் கோளையும் பெரும்பகுதி தேவாஸ் என்னும் தனியார் கம்பெனிக்கு விட்டுவிட, இஸ்ரோவின் வியாபாரக் கிளையான ஆன்ட்ரிக்ஸ் ஒப்பந்தம் செய்தது. 2011-ல் சர்க்கார் அதை ரத்து செய்தார்கள். அக்கம்பெனி மோசடி நோக்கத்துடன் ஏற்படுத்தப்பட்டது என்ற முடிவை 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஜோடிக் கோளான ஜிசாட்-6ஏ 2018 மார்ச்சில் ஏவப்பட்டுச் சில நாளிலேயே தொடர்பறுந்து போயிற்று. பொதுச்சொத்தை ரகசியமாகத் தாரை வார்ப்பது ஒரு நஷ்டம். அதைத் தடுத்த பிறகு ஒருவருக்கும் உதவாமல் போட்டு வைப்பது இன்னொரு நஷ்டம். முதல் நஷ்டத்தைத் தடுத்துவிட்டோம் என்பது இரண்டாவதற்குச் சமாதானமாகாது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு பக்கம் இப்படிக் காலி கிடக்க, மறுபக்கத்தில் இடமில்லை என்ற கூச்சலும் இருந்தது. வீட்டுக்கு வீடு குடை வைத்து டெலிவிஷன் காட்டும் டி.டி.எச். கம்பெனிகளுக்கு வேண்டிய இடத்தை வேண்டிய காலத்தில் கொடுக்க விண்வெளி இலாகாவால் முடியாததால் அவர்கள் அந்நிய நாட்டுக் கோள்களுக்குப் போய்விட்டார்கள் என்று அதே தணிக்கை இலாகா 2014-ம் வருஷ அறிக்கையில் எடுத்துக் காட்டியது. காலி இருந்த வீடு குடிவருபவனுக்கு ஏற்றதல்ல. குடிவருபவனுக்கு ஏற்ற வீடு கட்டப்படவில்லை. சொந்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் பணம் கட்டியது போலாயிற்று.

காரணம் விதியா?

இதற்கெல்லாம் காரணம் என்ன? கிரகக் கோளாறா? தலைவிதியா? இல்லை, தோழர்களே. மேலே போவதைத் திருவிழாவாகவும், கீழே செய்ய வேண்டியதைத் தீட்டு வேலையாகவும் எண்ணுகிற மனப்பான்மையே காரணம் என்று நாம் சொல்லுகிறோம்.

ராக்கெட் கிளம்பும் நாளில் மந்திரிகள் வருகிறார்கள், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், கைதட்டல், மாலை, படம் எல்லாம் உண்டு. ஏதோ ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடக் கூரையில் ஒருவன் ஏறி நின்று குடையைத் திருப்பி வைக்கிறானே, அவனுக்கு மாலை போடுவார் யார்? தேர் இழுக்க ஊர் கூடும்; தேர் போன பிறகு தெருவைப் பெருக்க ஒருவன்தான் வருவான். அவனையும் நாம் தொடக்கூடாதவன் என்று சொல்லி வைத்திருந்தோம். கையால் செய்யும் வேலையைக் கேவலமென்றும், எட்டி நின்று மந்திரம் சொல்லுவதை உயர்வென்றும் பழக்கிய வருணாசிரம புத்தி சயன்ஸ் இலாகாவுக்குள்ளும் புகுந்துகொண்டதன் பலன்தான் இது.

அந்தப் புத்தி புகுந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? ராக்கெட் ஏவுவதற்கு முன்னால் அதன் சிறு உருவத்தைத் திருப்பதிக்கு எடுத்துப் போய் ஏழுமலையான் சன்னதியில் வைத்துப் பூஜை செய்து வருவதை இஸ்ரோவின் பெரிய மனிதர்கள் வழக்கமாக வைத்திருப்பதைப் பத்திரிகைகளில் படத்தோடு பார்க்கிறோம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளின் வரிசையில் 2009-ம் வருஷம் 12-க்குப் பிறகு 14 வந்தது. 13 எங்கே போயிற்று? 13 ஆகாது என்பது நம்மூர் மூடநம்பிக்கைகூட அல்ல. அது வெள்ளைக்காரன் மூடநம்பிக்கை. நம்முடையது போதாதென்று அதையும் இறக்குமதி செய்ய வேண்டுமா? ஆனால் ஜிசாட்-6ஏயின் தொடர்பு அறுந்தபோது காரணத்தை எஞ்சினியர்களிடம் கேட்டார்களே ஒழிய அர்ச்சகரிடம் கேட்கவில்லை. ஏழுமலையான் சன்னதியில் ராக்கெட்டை வைத்த நேரத்தில், நிலத்துக் கருவிகளின் ஜாபிதாவை எடுத்து வைத்து எது தயார், எது தயாரில்லை என்று ஒரு முறை பார்த்திருந்தால் 508 கோடி பாதியாகத் தேய்ந்திருக்காதே!

மேலே இருப்பது மட்டும் போதாது, கீழே இருப்பதுதான் பலன் தருகிறது என்பதற்கு ஒரிசாவே சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே பெரும்புயல் அடித்தபோதும் ஆகாயத்தில் இன்சாட் கோள்கள் இருந்தன. புயல் வருவதும் தெரிந்திருந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் பைலின் என்ற கொடும்புயல் அதே கரையில் வந்தது. சாவு நூற்றுக்குள் அடங்கிற்று. இடையில் நடந்தது என்ன? புயல் காப்பகங்கள் கட்டினார்கள்; தனி ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள்; ஆகாயத்திலிருந்து வந்த செய்தியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்து, சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். மேலே போன பணத்திற்கு உயிர் கொடுத்தது கீழே போன பணம்.

சில ஆட்சேபணைகள்

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, “பட்டினி கிடக்கும் நாட்டுக்கு ராக்கெட் எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்” என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பகுத்தறிவுக்காரன் விஞ்ஞானத்திற்கு எதிரியல்ல. செயற்கைக்கோளை வேண்டாமென்று சொல்லவில்லை. வீணாக்காதே என்றுதான் சொல்லுகிறோம்.

“கொஞ்சம் காலி இடம் கையிருப்பாக இருக்க வேண்டாமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏ அதே வருஷம் செப்டம்பரில் செத்துப்போயிற்று. அப்படிப்பட்ட சமயத்திற்கு மாற்று வேண்டும். ஆனால் ஆபத்துக்கென்று கணக்குப் பார்த்து எடுத்து வைத்த விதைநெல் வேறு. களத்திலிருந்து எடுக்க ஆளில்லாமல் மழையில் முளைத்துப்போன நெல் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் சொல்லி ஏமாற்றக்கூடாது.

“தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும்” என்பார்கள். அமெரிக்காவில் மோட்டரோலா கம்பெனி முன்னின்று இரிடியம் என்ற பெயரில் 66 கோள்களைக் கொண்ட டெலிபோன் ஏற்பாட்டைச் சுமார் 500 கோடி டாலர் செலவில் செய்தது. 1998 நவம்பரில் திறந்தார்கள். எதிர்பார்த்த வாடிக்கைக்காரர்கள் வரவில்லை. 1999 ஆகஸ்டில் திவால். பிறகு எல்லாம் சேர்த்து 2.5 கோடி டாலருக்குக் கைமாறிற்று. இருநூற்றில் ஒரு பங்கு! ஆகையால் யாருக்கு, எதற்கு என்று கேளாமல் கட்டும் முட்டாள்தனம் சர்க்காருக்கு மட்டும் சொந்தமல்ல. அங்கே பங்கு போட்ட முதலாளியும் கடன் கொடுத்தவனும் நஷ்டப்பட்டார்கள். இங்கே துணிக்கு வரி கட்டியவன் நஷ்டப்படுகிறான். வித்தியாசம் அதுதான்.

சர்க்காரும் இந்தக் குற்றத்தை ஒருவாறு உணர்ந்து, 2020-ல் முறையை மாற்றினார்கள். இனிமேல் குடிவருபவனை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு பிறகு வீடு கட்டுவது என்று ஏற்பாடு. அந்த வேலை நியூஸ்பேஸ் இந்தியா என்னும் சர்க்கார் கம்பெனியிடம் விடப்பட்டது. அப்படிக் கட்டிய முதல் கோள் 2022 ஜூனில் ஏவிய ஜிசாட்-24. அதன் முழு இடமும் டாடா பிளே என்ற டெலிவிஷன் கம்பெனிக்கு வாடகைக்குப் போயிற்று. காலி இல்லை. இது நல்லதுதான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். கேட்பவனுக்குத்தான் வீடு என்றால், கேட்கத் தெரிந்தவனும் பணம் வைத்திருப்பவனும்தான் கேட்பான். சினிமா காட்டுகிறவன் கேட்பான், பாங்கிக்காரன் கேட்பான். மலைமேல் இருக்கும் ஆதிவாசிப் பள்ளிக்கூடத்திற்காகக் கேட்பவர் யார்? டாக்டர் வராத கிராமத்து ஆஸ்பத்திரிக்காகக் கேட்பவர் யார்? முன்பு அவர்கள் பெயரைச் சொல்லிக் கோள் விட்டார்கள், உபயோகம் வரவில்லை. இப்போது உபயோகம் வருகின்றது, அவர்கள் பெயர் காணாமல் போகின்றது. ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து இன்னொரு பள்ளத்தில் விழுந்து அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்தால் நாம் சும்மா இருக்கலாமா?

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பெரிய காரியமொன்றுமில்லை. 

முதலாவது: ஒரு கோளுக்குப் பணம் ஒதுக்கும் அன்றே அதன் நிலத்துக் கருவிகளுக்கும், அதில் வரவேண்டிய பாடத்திற்கும் செய்திக்கும், அதை நடத்தும் ஆட்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். கீழே தயாராகாதவரை மேலே அனுப்பக்கூடாது.

இரண்டாவது: ராணுவ ரகசியம் நீங்கலாக, எந்தக் கோளில் எத்தனை இடம், எத்தனை உபயோகத்தில், எத்தனை கையிருப்பு, எத்தனை வீண் என்பதை ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்தந்த ராஜ்யத்துப் பாஷையில் வெளியிட வேண்டும். ஆயுளில் பாதி போன பிறகு ஆடிட்டர் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா?

மூன்றாவது: யார் வாடகைக்கு எடுத்தாலும், ஒரு பங்கு இடம் பள்ளிக்கூடத்திற்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆபத்துக் காலத்திற்கும் என்று சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும்.

நான்காவது: வாடகைக்குப் போகாமல் காலியாய் இருக்கும் இடத்தைப் பொதுக்காரியங்களுக்கு இனாமாகவே விட்டுவிட வேண்டும். இதனால் கோளுக்குப் புதுச் செலவில்லை. அதன் மின்சாரம் வெய்யிலிலிருந்து வருகின்றது. எரிபொருள் எப்படியும் தீரப்போகின்றது. இரவில் காலியாகத் திரும்பும் வண்டியில் நடந்து போகிறவனை ஏற்றிக்கொள்வதால் வண்டிக்காரனுக்கு என்ன நஷ்டம்?

இனி நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த தடவை ராக்கெட் கிளம்பிற்று என்று கேட்டவுடன் சந்தோஷப்படுங்கள். மனித புத்தி இவ்வளவு உயரம் போனதே என்று பெருமைப்படுங்கள். ஆனால் கைதட்டி முடித்தவுடன் உங்கள் பார்லிமெண்டு மெம்பரை மூன்று கேள்வி கேளுங்கள். “இது யாருக்கு? எந்தத் தேதியிலிருந்து? எங்கள் ஊரில் இதன் மறுமுனை எங்கே?” பதில் சொல்லத் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரும்படி சொல்லுங்கள். அவர் பதிலோடு வரும்வரை விடாமல் கேளுங்கள்.

மேலே இருக்கிறவன் எல்லாம் பார்த்துக்கொள்வான் என்று நம்மை இரண்டாயிரம் வருஷமாக அண்ணாந்து பார்க்கவே பழக்கிவிட்டார்கள். இன்றைக்கு மேலே நிஜமாகவே ஒன்று இருக்கின்றது. அதைச் செய்தவன் மனிதன். பணம் கொடுத்தவர்கள் நாம். அதுவும் தானாக ஒன்றும் பார்த்துக்கொள்ளாது. கீழே இருக்கிறவன் கேட்டால்தான் அது வேலை செய்யும்.